படிக்க ஒரு பலகை வாங்கலாமா?



சென்ற ஆண்டு எங்கள் குழுவில் நடந்த ஒரு சம்பவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குழுவைச் சேர்ந்த ஓர் அக்கா, கறவை மாடு வாங்குவதற்காக ஒரு நிதி நிறுவனத்தில் 50,000 ரூபாய் கடன் கேட்டிருந்தார். கடன் பத்திரம் அவருடைய போனுக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. மொத்தம் ஆறு பக்கம். பார்த்துவிட்டு 'சரி' என்று சொல்லிவிட்டார். கணக்கில் வந்து விழுந்த பணமோ 48,200 ரூபாய்தான். மாட்டுக்காரரிடம் பேசிய விலைக்கு 1,800 ரூபாய் குறைந்தது. அதற்குத் தோட்டைக் கழற்றி வைக்க வேண்டியதாயிற்று.

அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம்.

"ஏன்க்கா, படிச்சுப் பாக்கலையா?"

"பாத்தேன் தங்கச்சி. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. பெருசு பண்ணினா பாதி வரி வெளிய ஓடிருது. இழுத்துப் புடிச்சா எந்த வரியில இருந்தோம்னே தெரியல. தவணை எவ்வளவுன்னு மட்டும் பாத்தேன். சரின்னுட்டேன்."

அந்தப் பத்திரத்தை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துப் பார்த்தோம். நான்காம் பக்கத்தில் இருந்தது: செயலாக்கக் கட்டணம் 500, அதற்கு வரி 90, காப்பீட்டுக் கட்டணம் 1,210. ஆக 1,800 ரூபாய். எழுதித்தான் இருந்தது. ஆனால் போனில் படிக்க முடியவில்லை. அந்தக் காப்பீடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் வாய்ப்பே அவருக்கு இல்லாமல் போயிற்று.

இன்று வங்கி அறிக்கை, கடன் பத்திரம், அரசுச் சுற்றறிக்கை, பயிற்சிக் கையேடு, பிள்ளைகளின் பாடப்புத்தகம் எல்லாமே கோப்பாகத்தான் போனுக்கு வருகின்றன. "படிக்கிறதுக்குன்னு ஒண்ணு வாங்கிருவோமே" என்று பல குழுக்களில் பேச்சு எழுந்திருக்கிறது. வாங்கலாமா? வாங்கினால் எதை வாங்குவது? குழுப் பணத்தைச் செலவழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே பார்ப்போம்.

காகிதத்தை மடித்துப் பாருங்கள்

போனில் எழுத்து ஏன் சிறுத்துப் போகிறது? இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் ஏ4 தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் 210 மில்லி மீட்டர், உயரம் 297 மில்லி மீட்டர். கடன் பத்திரமும் சுற்றறிக்கையும் இந்த அளவுக்குத்தான் தயாராகின்றன.

தாளை நடுவில் ஒரு முறை மடியுங்கள். கிடைப்பது ஏறக்குறைய 10 அங்குல டேப்லெட் திரையின் அளவு. இன்னொரு முறை மடியுங்கள். இதன் அகலமும் 8 அங்குல டேப்லெட்டின் அகலமும் ஏறக்குறைய ஒன்று. மூன்றாம் முறையும் மடியுங்கள். இப்போது கையில் இருப்பதன் அகலம்தான் நம் போனின் அகலம். அதாவது, முழுத் தாளில் உள்ள அத்தனை எழுத்தையும் போன் இந்தச் சின்னத் துண்டின் அகலத்துக்குள் அடக்கப் பார்க்கிறது. எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. 8 அங்குலத்தில் பாதியாகிறது. 10 அங்குலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கிறது. பக்க ஓரத்து வெள்ளை இடத்தைத் தள்ளிவிட்டுப் பெரிதாக்கினால், 10 அங்குலத்தில் தாளில் படிப்பது போலவே படித்துவிடலாம்.

ஆகவே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் பெயர் எதுவானாலும் சரி, படிப்பதற்கு முதல் கணக்கு திரையின் அகலம்தான்.

கோப்பில் மூன்று வகை

எல்லாக் கோப்பும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

முதல் வகை, பக்கம் மாறாத கோப்பு. இதுதான் பி.டி.எப். அச்சடித்த பக்கம் எப்படி இருக்குமோ அப்படியே காட்டும். திரை சிறிதானால் பக்கம் முழுவதும் சேர்ந்து சிறுக்கும். வரி மடிந்து கீழே வராது.

இரண்டாம் வகை, திரைக்கு ஏற்றபடி வரி மடியும் கோப்பு. இ-பப் என்ற வகை மின்னூல்கள் இப்படிப்பட்டவை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாகவே அடுத்த வரிக்கு இறங்கும். கதைப் புத்தகம் படிக்க இது சுகமானது. போனிலேயே படித்துவிடலாம்.

மூன்றாம் வகை, காகிதத்தைப் படம் பிடித்து அனுப்பியது. பல அலுவலகங்களிலிருந்து கையெழுத்துப் போட்டு வரும் சுற்றறிக்கைகள் இந்த வகைதான். இதுவும் பி.டி.எப். என்ற பெயரில்தான் வரும். ஆனால் உள்ளே இருப்பது வெறும் படம். கோணலாகவும் மங்கலாகவும் இருக்கும். இதைப் படிக்கப் பெரிய திரை வேண்டும். வேறு வழி இல்லை.

உங்கள் குழுவுக்குக் கடந்த மூன்று மாதத்தில் வந்த கோப்புகளைப் பட்டியல் போடுங்கள். எந்த வகை அதிகம் என்று பாருங்கள். அதன் பிறகு கடைக்குப் போவதைப் பற்றி யோசிக்கலாம்.

வீட்டிலேயே இருக்கலாம்

புதிதாக வாங்கும் முன் வீட்டுப் பரணைப் பாருங்கள். தமிழக அரசு 2011 முதல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கியது. பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போயிருக்கும். மடிக்கணினி மட்டும் துணி சுற்றிய நிலையில் கிடக்கும். பேட்டரி செத்திருந்தால்கூட, பலவற்றைச் சார்ஜரைச் செருகி வைத்து ஓட்டலாம். படம் பார்க்கவும் விளையாடவும் ஆகாத பழைய கணினி, பி.டி.எப். படிப்பதற்குத் தாராளமாகப் போதும். திரையும் டேப்லெட்டைவிடப் பெரிது. மெக்கானிக்கிடம் காட்டி, என்ன செலவாகும் என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, போனைப் படுக்க வைத்துப் படிப்பது. திரை தானாகத் திரும்பும் வசதியைப் போட்டுவிட்டு போனைக் குறுக்காகப் பிடியுங்கள். அகலம் 68 மில்லி மீட்டரிலிருந்து சுமார் 150 ஆக உயரும். எழுத்து இரண்டு மடங்குக்கு மேல் பெரிதாகும். மேலும் கீழும் நகர்த்தினால் போதும், இடமும் வலமும் இழுக்க வேண்டாம். இந்தச் சின்ன விஷயம் தெரிந்திருந்தால் எங்கள் அக்காவின் 1,800 ரூபாய்க்குக் காரணம் கேட்டிருக்கலாம்.

மூன்றாவது வழி, அச்செடுப்பது. உங்கள் ஊரில் ஒரு பக்கம் 5 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பக்கப் பத்திரத்துக்கு 30 ரூபாய். 12,000 ரூபாய்க்கு ஒரு டேப்லெட் வாங்குவதற்குப் பதிலாக 2,400 பக்கம் அச்செடுக்கலாம். வருடத்துக்கு நாலைந்து கோப்புதான் வருகிறது என்றால், எதையும் வாங்க வேண்டாம் சகோதரிகளே! பிரிண்ட் எடுத்துக் கோப்பில் போட்டு வையுங்கள். அதுதான் சிக்கனம்.

மின்தாள் கருவி யாருக்கு?

கிண்டில் என்ற பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2007-ல் அமெரிக்காவில் வந்தது. இதன் திரை போன் திரை மாதிரி இல்லை. கறுப்பும் வெள்ளையுமான மிகச் சிறிய துகள்கள் உள்ளே நகர்ந்து எழுத்தாகின்றன. பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் தேவை. நின்ற பக்கத்துக்கு மின்சாரம் வேண்டாம். அதனால் ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் வரும். வேப்பமரத்தடியில் நல்ல வெயிலிலும் காகிதம் போலத் தெளிவாகத் தெரியும். தமிழ் மின்னூல்களை 2016 டிசம்பர் முதல் அந்தக் கடையில் விற்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்கு வரும் சுற்றறிக்கைக்கு இது ஒத்துவராது. 6 அங்குலக் கருவியில் ஏ4 பக்கம் பாதிக்கும் கீழே சுருங்கும். வாட்ஸ்அப் இதில் ஓடாது. விலையும் சாதாரண டேப்லெட்டுக்குக் குறைவில்லை. கதை, நாவல், கட்டுரை என்று நிறைய படிக்கிறவர்கள் தங்கள் சொந்தப் பணத்தில் வாங்கிக்கொள்ளலாம். குழுப் பணத்தில் வேண்டாம்.

மலிவு என்பது விலை மட்டும் அல்ல

2011 அக்டோபரில் மத்திய அரசு 'ஆகாஷ்' என்ற டேப்லெட்டை வெளியிட்டது ஞாபகம் இருக்கலாம். ஒன்றின் விலை அரசுக்குச் சுமார் 50 டாலர். மாணவர்களுக்கு 35 டாலர் என்றார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன் 7 அங்குலத் திரை, தொட்டால் வேலை செய்யாது, அழுத்த வேண்டும். நினைவகம் 256 எம்.பி. மட்டும். பேட்டரி சுமார் மூன்று மணி நேரம்தான் தாங்கும். மாணவர்களிடம் எடுபடவில்லை. அடுத்த ஆண்டே நல்ல தொடுதிரையோடு இரண்டாம் ஆகாஷைக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. யாரும் கையில் எடுக்காத பொருள் எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் நஷ்டம்தான். சந்தையில் பெயர் தெரியாத கம்பெனியின் டேப்லெட் மூவாயிரம், நாலாயிரம் என்று வரும். பெட்டியில் பெரிய பெரிய எண்களாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பி ஏமாறாதீர்கள்.

கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டோம், டேப்லெட் தேவைதான் என்று குழு முடிவு செய்கிறது. ஓரளவு பெயர் தெரிந்த கம்பெனியின் 10 அங்குல டேப்லெட் பத்தாயிரத்திலிருந்து பதினைந்தாயிரத்துக்குள் கிடைக்கும். விலை அடிக்கடி மாறும். மூன்று கடையில் விசாரியுங்கள். கீழே உள்ளவற்றைக் கவனியுங்கள்.

1. திரையின் அளவு: 10 அங்குலம் அல்லது அதற்கு மேல். 7, 8 அங்குலம் விலை குறைவாக இருந்தாலும் ஏ4 பக்கத்துக்குப் போதாது.

2. திரையின் நுணுக்கம்: 1280-க்கு 800 புள்ளிகள், 1920-க்கு 1200 புள்ளிகள் என்று போட்டிருப்பார்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். நம் தமிழ் எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி, ண-வின் சுழி எல்லாம் தெளிவாகத் தெரிய இது வேண்டும். தொகையில் 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் சும்மா இல்லையே!

3. நினைவகம்: ராம் 4 ஜி.பி.யும், சேமிப்பிடம் 64 ஜி.பி.யும் இருந்தால் படிப்பதற்குப் போதும். அதற்கு மேல் கொடுக்கும் பணம் வீண்.

4. சிம்மா, வைபையா: சிம் போடும் டேப்லெட் விலை கூடுதல், மாதா மாதம் ரீசார்ஜும் உண்டு. வைபை மட்டும் உள்ளதை வாங்கி, தேவைப்படும்போது போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்துக்கொள்ளலாம். இறக்கிய கோப்பைப் படிக்க இணையம் வேண்டியதில்லை.

5. பி.ஐ.எஸ். முத்திரை: டேப்லெட்டுக்கும் அதன் சார்ஜருக்கும் இந்தியத் தர அமைவனத்தின் பதிவு கட்டாயம். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் எட்டு இலக்க எண்ணும் போட்டிருக்கும். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

6. பில்: ஜி.எஸ்.டி. பில் கூட்டமைப்பின் பெயரில் இருக்கட்டும். உத்தரவாதம் ஓராண்டாவது வேண்டும். சர்வீஸ் சென்டர் பக்கத்து ஊரிலாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு வந்த ஒரு கடன் பத்திரத்தைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். கடைக்காரரின் டேப்லெட்டில் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். குழுவில் கண்பார்வை குறைந்த மூத்த உறுப்பினர் ஒருவரையும் கூட்டிப் போங்கள். அவரால் நான்காம் பக்கத்தைப் படிக்க முடிந்தால் அந்தத் திரை தேறிவிட்டது என்று பொருள்.

பழைய பொருள் வாங்கினால்

பழையது பாதி விலைக்குக் கிடைக்கும்தான். ஆனால் திருட்டுப் பொருளாக இருந்தால் குழுவின் பெயர் கெடும். சிம் போடும் கருவி எதற்கும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் உண்டு. பில்லிலும் பெட்டியிலும் இருக்கும். போனில் *#06# அடித்தால் திரையில் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்தை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணையும் அடித்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை வைத்திருக்கும் இந்த வசதியில், அந்தப் பொருள் முடக்கப்பட்டதா என்று பதில் வரும். வைபை மட்டும் உள்ள டேப்லெட்டுக்கு இந்த எண் கிடையாது. ஆகவே அதற்கு அசல் பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

எழுத்து கலைந்து வந்தால்

"கோப்பைத் திறந்தா ஏதேதோ இங்கிலீஷ் எழுத்தும் கோடுமா வருதுக்கா, டேப்லெட் கெட்டுப்போச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. கெடவில்லை. முன்பெல்லாம் தமிழுக்குக் கம்பெனிக்கு ஒரு எழுத்துரு இருந்தது. 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருவில் அடிக்கும் பழக்கம் சில அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் இருக்கிறது. அந்த எழுத்துரு நம் கருவியில் இல்லாவிட்டால் எழுத்து கலைந்துதான் தெரியும். அனுப்பியவரிடம், "பி.டி.எப். ஆக மாற்றி அனுப்புங்கள்" என்று கேளுங்கள். சரியாகிவிடும்.

எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினருக்கு

நம் குழுக்களில் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டேப்லெட் வாங்கினால் அது அவர்களுக்கும் பயன்பட வேண்டாமா? ஆண்ட்ராய்டு கருவிகளில் எழுத்தைத் தமிழில் வாய்விட்டுப் படிக்கும் வசதி உண்டு. யூனிகோடில் தயாரான கோப்பை அது ஓரளவு நன்றாகவே படிக்கும். படமாக வந்த பி.டி.எப்.பை அப்படியே படிக்காது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் செயலிகள் எண்களைத் தப்பாக எடுப்பதுண்டு. ஆகவே தொகை, வட்டி, தேதி இவற்றுக்கு இயந்திரத்தை நம்பக் கூடாது. கூட்டத்தில் ஒரு சகோதரி வாய்விட்டுப் படிக்க, இன்னொரு சகோதரி திரையைப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். இதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணமும் பொறுப்பும்

ஒவ்வொரு குழுவும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. 20 குழுக்கள் உள்ள ஊராட்சிக் கூட்டமைப்பு 12,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கினால், குழுவுக்கு 600 ரூபாய்தான் வருகிறது. கூட்டத்தில் பேசி, தீர்மானம் போட்டு, மூன்று விலைப்புள்ளி வாங்கி, இருப்புப் பதிவேட்டில் ஏற்றுங்கள். யார் பொறுப்பில் இருக்கும், எந்த நாளில் எந்தக் குழுவுக்கு என்பதையும் எழுதி வையுங்கள்.

'வட்டியில்லாத் தவணை' என்று கடையில் சொன்னால் நிதானமாக இருங்கள். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்றே கிடையாது என 2013-ல் ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கிறது. அந்த வட்டி பெரும்பாலும் கட்டணம் என்ற பெயரில் வரும், அல்லது ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியை விழுங்கிவிடும்.

டேப்லெட் பொதுப்பொருள். அதில் யாருடைய சொந்த வாட்ஸ்அப்பையும் இணைக்க வேண்டாம். இணைத்தால் வீட்டுப் பேச்சு எல்லாம் ஊருக்குத் தெரியும். வங்கிச் செயலி, கடன் செயலி எதுவும் கூடாது. ஆதார் நகலையும் பாஸ்புத்தக நகலையும் வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். பூட்டு எண் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும். டேப்லெட்டில் குறை இருந்து கடைக்காரர் கண்டுகொள்ளவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இணையத்தில் பணம் கட்டி ஏமாந்தால் உடனே 1930.

படிப்பது நம் உரிமை

கருவி இருந்தால் மட்டும் போதாது. கேட்டு வாங்கவும் தெரிய வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு ஈடு இல்லாமல் தரும் நுண்கடன்களுக்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் புதிய விதி கொண்டுவந்தது. கடன் அட்டை நமக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். காப்பீடு போன்றவற்றை நம் முழுச் சம்மதத்தோடுதான் சேர்க்கலாம். மற்ற தனிநபர் கடன்களுக்கும் சிறுதொழில் தவணைக் கடன்களுக்கும் 2024 அக்டோபர் 1 முதல் 'முக்கிய விவர அறிக்கை' கட்டாயம். எல்லாக் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் விழுகிறது என்பது அதில் இருக்கும். ஏழு நாளும் அதற்கு மேலும் தவணைக் காலம் உள்ள கடனுக்கு, படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசமும் உண்டு. "இப்பவே ஓகே சொல்லுங்க" என்று அவசரப்படுத்தினால், "தமிழ்ல குடுங்க, குழுவுல படிச்சிட்டுச் சொல்றோம்" என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

மற்ற நாட்களில் அந்தத் திரை சும்மா கிடக்க வேண்டாம். பாடநூல் கழகத்தின் பாடப்புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998 முதல் நடக்கும் மதுரைத் திட்டத்தில் பழந்தமிழ் நூல்கள் உள்ளன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் இருக்கிறது. பிள்ளைகளும் படிக்கட்டும், நாமும் படிப்போம்.

எங்கள் கூட்டமைப்பு கடைசியில் என்ன செய்தது தெரியுமா? இரண்டு வீட்டுப் பரணிலிருந்து இரண்டு மடிக்கணினியை இறக்கினோம். ஒன்று ஓடவில்லை. மற்றொன்று ஓடியது. இப்போது கூட்டமைப்பு அலுவலகத்தில் அதுதான் நம் படிக்கும் பலகை. போன மாதம் இன்னொரு சகோதரிக்குக் கடன் பத்திரம் வந்தது. திரையைப் பெரிதாக்கி வைத்து, மாட்டுக்கார அக்காதான் நான்காம் பக்கத்தை முதலில் படிக்கச் சொன்னார்!

கடைக்குப் போகும் முன் ஒரு முறை:

- மூன்று மாதத்தில் வந்த கோப்புகளைப் பட்டியல் போட்டாயிற்றா?
- அச்செடுத்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் பார்த்தாயிற்றா?
- வீட்டில் பழைய மடிக்கணினி இருக்கிறதா?
- தீர்மானம் போட்டாயிற்றா?
- நம் கடன் பத்திரத்தைக் கடையிலேயே திறந்து படித்துப் பார்த்தோமா?

ஐந்துக்கும் பதில் கிடைத்த பிறகு பணத்தை எடுங்கள். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், படிக்காமல் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.